ரிட்டயர் ஆனவர் மறுபடி வேலைக்குப் போவது ஏன்?

சால்வை, மாலை, குரூப் போட்டோ, கையில் ஒரு சுவர்க்கடிகாரம். பணி நிறைவு விழா முடிந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது; அதே மனிதர் காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். எங்கே என்று கேட்டால், "வீட்டில சும்மா உட்கார முடியல" என்பார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் பாதிதான். மீதிப் பாதி பாஸ்புக்கில் இருக்கிறது. ஓய்வு வயது என்பது சட்டமும் நிறுவனமும் குறித்துவைத்த ஒரு தேதி. மளிகைக் கடைக்கும், மகனின் கல்விக் கடனுக்கும், மனைவியின் சர்க்கரை மாத்திரைக்கும் அந்தத் தேதி தெரியாது. வேலை நிற்கும் நாளும் வேலையின் தேவை நிற்கும் நாளும் ஒன்றாக வருவதில்லை. நடுவில் விழும் அந்த இடைவெளி எத்தனை ஆண்டு, எத்தனை ரூபாய் என்று புரிந்துகொண்டால், வயதானவர்கள் ஏன் வேலைக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் 58 வயதில் ஓய்வு பெறும் தொழிலாளியை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அந்தத் தேதியை யார் குறித்தார்கள்

வயதானால் மாதப் பணம் என்ற ஏற்பாட்டை ஜெர்மனி 1889இல் சட்டமாக்கியது. அப்போது வைத்த வயது 70. 1916இல்தான் 65 ஆனது. ஓய்வு வயது உடம்பைப் பார்த்துச் சொன்ன மருத்துவ அளவு அல்ல, அரசின் கஜானாவைப் பார்த்து வைத்த அளவு என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. நம் பக்கமும் அப்படித்தான். மத்திய அரசு 1998இல் 58ஐ 60 ஆக்கியது. தமிழ்நாடு அரசு 2020 மே மாதம் 58ஐ 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தியது. பத்து மாதத்துக்குள் இரண்டு முறை மாறியது அரசின் வரவு செலவுதான்; ஊழியரின் உடம்பு அல்ல.

தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் 58. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், அதாவது பி.எஃப். அலுவலகம் நடத்தும் இ.பி.எஸ்., 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் முழு ஓய்வூதியத்துக்கான வயது 58 என்று வைத்தார்கள்.

60 வயதை எட்டும் இந்தியர் அதன்பிறகு சராசரியாகச் சுமார் 18 ஆண்டு வாழ்கிறார். ஆக, 58இல் மாலை வாங்கியவர் இன்னும் இருபது ஆண்டுக்குச் சாப்பாட்டுக்கு வழி வைத்திருக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

ஒருவர் 1996 செப்டம்பரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்து, 30 ஆண்டு வேலை பார்த்து, 2026 ஆகஸ்டில் 58 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய்.

முதலில் பணிக்கொடை. பலர் கிராஜுவிட்டி என்றே சொல்வார்கள். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 26,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 1,000; பதினைந்து நாளுக்கு 15,000; முப்பது ஆண்டுக்கு 4,50,000. அடுத்து பி.எஃப். இடையில் வீடு கட்டவும் மகள் கல்யாணத்துக்கும் எடுத்தது போக 7,50,000 மிச்சம் என்போம். மொத்தம் 12 லட்சம். விழா நாளில் கேட்க இது பெரிய தொகைதான்.

மாத ஓய்வூதியத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இ.பி.எஸ். வாய்ப்பாடு எளிது: சம்பளம் பெருக்கல் பணி ஆண்டுகள், வகுத்தல் 70. இருபது ஆண்டுக்கு மேல் பணி இருந்தால் இரண்டு ஆண்டு போனஸாகச் சேரும். ஆனால் இங்கே சம்பளம் என்பது கையில் வாங்கிய சம்பளம் அல்ல; 15,000 ரூபாய்தான் அதன் உச்சவரம்பு. அதுவும் 2014 செப்டம்பர் 1 முதல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு வரம்பு 6,500. நம் தொழிலாளி 15,000ஐ 32ஆல் பெருக்கி 70ஆல் வகுத்து 6,857 ரூபாய் வரும் என்று மனதில் வைத்திருப்பார். அலுவலகமோ 2014 வரையிலான 18 ஆண்டை 6,500 வைத்தும், பிந்தைய 12 ஆண்டை 15,000 வைத்தும், போனஸ் ஆண்டுகளை இரண்டு பக்கமும் பிரித்தும் கணக்கிடும். வருவது சுமார் 4,525 ரூபாய். வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்கும் சேர்த்துக் கூடுதல் ஓய்வூதியத்துக்கு விருப்பம் கொடுத்து அது ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

2014இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயை வாங்குபவர்களை நினைத்தால் இவர் நிலைமை தேவலை என்றுகூடச் சொல்லலாம்.

12 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுகிறார். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய், மாதக் கணக்கில் 8,200. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் மாத வரவு 12,700. வீட்டுச் செலவு 22,000 என்றால் மாதம் 9,300 ரூபாய் துண்டு விழுகிறது. ஜவுளிக்கடை வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ரிட்டயர் ஆனவர்களுக்குக் கொடுக்கப்படும் சம்பளம் இந்தத் துண்டுத் தொகைக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். அவர் அந்த வேலையைத் தேடிப் போவதன் காரணம் இந்த எண்ணிலேயே இருக்கிறது.

வேலைக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும்? துண்டை அசலிலிருந்து எடுக்க வேண்டும். அசல் குறையக் குறைய வட்டி குறையும். விலைவாசியோ ஏறிக்கொண்டே போகும். ஒரு தொகை எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று அறிய 72ஐ ஏறும் சதவீதத்தால் வகுப்பது குறுக்குவழி. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 72ஐ 6ஆல் வகுக்க வருகிற 12 ஆண்டில் செலவு இரண்டு மடங்கு: இன்றைய 22,000 அவருடைய 70ஆவது வயதில் 44,000. அரசு ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி உண்டு, இ.பி.எஸ்.ஸுக்குக் கிடையாது. இன்று 4,525 என்றால் எழுபதிலும் அதே 4,525தான்.

ஆண்டு ஆண்டாகப் போட்டுப் பார்த்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் 12 லட்சத்தில் சுமார் 3.6 லட்சம் மிஞ்சும். ஏழாம் ஆண்டில், 65ஐத் தொடும் முன்பே, கை காலி.

அதே மனிதர் மாதம் 12,000 ரூபாய்க்கு ஐந்தாண்டு மட்டும் வேலைக்குப் போகிறார் என்று மாற்றிப் போடுங்கள். அந்தச் சம்பளம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 63 வயதில் 12 லட்சமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதுதான் விஷயம். கிடைக்கிற சம்பளம் சிறிதாக இருந்தாலும் அது அசலைத் தொடவிடாமல் காக்கிறது. ஆனால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அப்போது வேலையை விட்டால், அந்தப் பணம் 67 முடிந்து 68 நடக்கும்போது தீர்ந்துவிடும். ஐந்தாண்டு உழைத்ததற்குப் பலன் மூன்று ஆண்டு தள்ளிப்போனது மட்டுமே. எழுபது வயதிலும் ஒருவர் சீருடை போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பது பேராசையால் அல்ல என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு எண்ணைப் பல குடும்பங்கள் பார்ப்பதே இல்லை. இ.பி.எஸ். வாங்குபவர் இறந்தால் மனைவிக்குக் கிடைப்பது அதில் பாதி: சுமார் 2,260 ரூபாய். மனைவி பெரும்பாலும் வயதில் இளையவர், கூடுதல் ஆண்டுகள் வாழ்பவர். "நான் போனப்புறம் அவ யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கணக்குத் தெரிந்துதான் பேசுகிறார்கள்.

வயதும் கடமையும்

முப்பதில் கல்யாணம், முப்பத்து மூன்றில் இரண்டாவது பிள்ளை என்றால், அந்தப் பிள்ளை கல்லூரியை விட்டு வரும்போது அப்பாவுக்கு 54 அல்லது 55. கல்விக் கடனில் அப்பாவும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டிருப்பார். பிள்ளைக்கு வேலை தாமதமானால் வங்கியிலிருந்து போன் அவருக்கு வரும். கல்யாண நகைக்கு வாங்கிய கடன், சீட்டுத் தவணை, வீட்டின் மாடிக்கு எடுத்த கடன் எல்லாமே 58ஐத் தாண்டித்தான் முடிகின்றன. தாமதமாகக் கல்யாணம் செய்யும் தலைமுறைக்கு இது இன்னும் பின்னால் தள்ளிப்போகும்.

ஆஸ்பத்திரி என்ற பள்ளம்

வேலை போகும் நாளில் சம்பளத்தோடு இன்னொன்றும் போகிறது: மருத்துவப் பாதுகாப்பு. கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். 70 வயது நிறைந்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறும் வசதி 2024 அக்டோபரில் வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும். இந்த வரம்பைச் சிறிதளவு தாண்டியவருக்கு 58இலிருந்து 70 வரை பன்னிரண்டு ஆண்டு திறந்தவெளிதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் வந்து உட்காருவதும் அந்தப் பன்னிரண்டு ஆண்டில்தான்.

அதனால்தான் சம்பளம் குறைவாக இருந்தாலும் "இ.எஸ்.ஐ. பிடிப்பாங்களா?" என்று முதலில் விசாரித்துச் சேருகிறவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து, அந்த நிறுவனம் தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குள் வந்தால், வயது தடையில்லை. மனைவிக்கும் சிகிச்சை உண்டு.

ஒரு சலுகை பலருக்குத் தெரியாமல் வீணாகிறது. இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்தாண்டு இருந்து வயது நிறைந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தானும் துணைவரும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடரலாம். ஓய்வு பெறுவதற்கு முன்பே கம்பெனியிடமிருந்து பணிச் சான்று வாங்கி, கிளை அலுவலகத்தில் கொடுத்துப் பதிய வேண்டும். வேலையை விட்டு இரண்டு மூன்று ஆண்டு கழித்து அந்தச் சான்றுக்கு அலைவது பெரும்பாடு.

சொந்தமாகப் பாலிசி எடுப்பதானால் 55க்குள் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. 55இல் எடுத்தால் 58இல் அது முடிந்திருக்கும்; 58இல் எடுத்தால் மிக ஆபத்தான மூன்று ஆண்டும் அந்த நோய்களுக்குப் பாதுகாப்பில்லாமல் போகலாம்.

சும்மா உட்கார முடியாதது

இப்போது அந்தப் பாதிப் பதிலுக்கு வருவோம். அரசுப் பணியில் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்து பழைய ஓய்வூதியம் பெறுபவருக்கு, கடைசிச் சம்பளத்தில் ஏறத்தாழ பாதியும் அதன் மேல் அகவிலைப்படியும் வருகின்றன. அவர்களிலும் பலர் ஆடிட்டர் ஆபீசிலும் தனியார் பள்ளியிலும் வக்கீலிடமும் வேலை பார்க்கிறார்கள். வங்கிகள் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளைத் தணிக்கைப் பணிக்கு எடுத்துக்கொள்கின்றன. இவர்களைப் பணம் மட்டும் இழுக்கவில்லை.

முப்பது ஆண்டாகக் காலை 7.40 பஸ்ஸைப் பிடித்த உடம்பு, ஒரு திங்கட்கிழமையிலிருந்து போக இடமில்லாமல் விழிக்கிறது. வீடு பகல் பொழுதில் அவருக்குப் பழக்கமில்லாத இடம். சமையலறையில் தலையிடுகிறார், பேப்பரை மூன்று முறை படிக்கிறார், மனைவி இத்தனை ஆண்டு தனக்கென வைத்திருந்த நேரம் போய்விடுகிறது. "சார்" என்று அழைத்தவர்கள் குறைகிறார்கள். பேரப்பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கெட்டுக்கு மகனிடம் கை நீட்டக் கூடாது என்ற மானமும் இதில் அடங்கும்.

பணத்துக்காகவா, பொழுதுக்காகவா என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: வேலை நேரமும் சம்பளமும் பாதியாகக் குறைந்தால் தொடர்வாரா? சந்தோஷமாக "சரி" என்றால் பொழுதுக்கும் மரியாதைக்கும்தான் போகிறார். முகம் மாறினால், வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு கணக்கு அவரிடம் இருக்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். அதட்டலாக அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து. "இந்த வயசுல எதுக்குப்பா வேலை?" என்ற கேள்விக்கு அவரிடம் தயாராக இருப்பது அந்தப் பழைய பதில் மட்டுமே.

நிறுவனங்கள் ஏன் கூப்பிடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வார்ப்படப் பட்டறையில் மணலைக் கையில் பிடித்துப் பார்த்து ஈரம் போதுமா என்று சொல்லும் மோல்டர், சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று கண்டுபிடிக்கும் ஃபிட்டர், பழைய கோப்பு எந்த அலமாரியில் என்று தெரிந்த கிளார்க்: இந்த அறிவு பயிற்சி வகுப்பில் வருவதில்லை. அதோடு, அவர்களைத் தொகுப்பூதியத்தில் குறைந்த சம்பளத்துக்கு எடுக்க முடிகிறது. திறமைக்கு மரியாதையும் செலவுக்குச் சிக்கனமும் ஒரே ஆணையில் கலந்து வரும். வேலைக்குப் போகிறவர் இரண்டையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஓய்வு என்று ஒரு தேதி இருந்தவர்களைப் பற்றி. வயலிலும் சித்தாள் வேலையிலும் பூக்கட்டும் வேலையிலும் இருப்பவர்களுக்கு அந்தத் தேதியே கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கிராமப்புறங்களில் 60 வயதைத் தாண்டிய ஆண்களில் 66 சதவீதம் பேரும் பெண்களில் 28 சதவீதம் பேரும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நகரங்களில் 46, 11. வீட்டுக்குள் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது பால், காய்கறிச் செலவுக்கே போய்விடும்.

எங்கே சிக்கல் வருகிறது

பணி நீட்டிப்பும் மறு நியமனமும் வேறு வேறு. நீட்டிப்பு என்றால் பழைய பணி முறியாமல் தொடர்கிறது. பணிக்கொடைக்கான ஆண்டுகளும் ஓடிக்கொண்டிருக்கும். மறு நியமனம் என்றால் பழைய கணக்கை முடித்துவிட்டுப் புதிதாக முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. "நாளையிலிருந்து வழக்கம்போல வாங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி, கையெழுத்து வாங்கிய தாளில் வேறு மாதிரி இருக்கும். எழுத்தில் ஆணை வாங்க வேண்டும். அதில் எத்தனை மாதம், என்ன வேலை, எத்தனை மணி நேரம், விடுப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

58க்குப் பின் வேலையில் தொடர்ந்தால் இ.பி.எஸ்.ஸுக்குப் பணம் போகக் கூடாது. முதலாளியின் 12 சதவீதமும் முழுதாக பி.எஃப். கணக்குக்கே வர வேண்டும். சில அலுவலகங்களில் சம்பளப் பட்டியலை மாற்ற மறந்து, வழக்கம்போல 1,250 ரூபாயை ஓய்வூதியக் கணக்குக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது அங்கேயே மாட்டிக்கொள்ளும். முதலாளி திருத்திக் கொடுக்கும் வரை நகராது. 58 நிறைந்த அடுத்த மாதப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்பதை ஓய்வுக்கு ஓராண்டு முன்பே சரிபார்ப்பதும் இதே வகைதான்.

வேலை தொடர்கிறது, ஓய்வூதியம் இப்போதே தேவையில்லை என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஓய்வூதியம் வாங்குவதை 60 வயது வரை தள்ளிப்போடலாம். ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் கூடும். 4,525 இரண்டாண்டில் சுமார் 4,890 ஆகும். ஆனால் அந்த இரண்டு ஆண்டில் விட்டுக்கொடுப்பது 1,08,600 ரூபாய். மாதம் 369 ரூபாய் கூடுதலை வைத்து அதை மீட்க 24 ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தத் தள்ளிப்போடுதல் பெரும்பாலானவர்களுக்கு லாபமில்லை. 58லேயே வாங்கத் தொடங்குவது நல்லது. மாறாக, பணமுடை என்று 50, 52 வயதிலேயே குறைத்து வாங்குவது இன்னும் மோசம். ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு. அந்த வெட்டு உயிருள்ளவரை தொடரும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயதுக்கு முன் சேர, 55ஐத் தாண்டி ஓய்வு பெற்றவராக இருக்க வேண்டும். ஓய்வுகாலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். "கொஞ்ச நாள் சேமிப்புக் கணக்கில கிடக்கட்டும்" என்று விட்டவர், 60 வரை காத்திருக்க நேரும். அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை மாற்றலாம். சேர்ந்த நாளில் இருந்த விகிதம் ஐந்தாண்டுக்கும் மாறாது.

"ஆலோசகர்" என்று ஆணை கொடுத்தால் பெருமைப்படுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது சம்பளமா, கட்டணமா? கட்டணம் என்றால் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை எதுவும் இருக்காது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்ப வரும். தாக்கல் செய்யாததாலேயே அந்தப் பணத்தை விட்டவர்கள் பலர்.

செக்யூரிட்டி வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓய்வு பெற்ற ஆண்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது அதுதான். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலருக்கு 65 வயது நிறைந்திருக்கக் கூடாது. அதற்கு மேல் வேலைக்கு வைத்தால் பெயர் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை, சம்பளம் கையில்தான். விபத்து நடந்தால் "இவர் எங்கள் ஆள் இல்லை" என்று சொல்வது முதலாளிக்குச் சுலபமாகிவிடும். ஆனால் வேலையில் நடக்கும் விபத்துக்கு இழப்பீடு தரும் சட்டத்தின் கணக்கீட்டு அட்டவணையில் 65 வயதும் அதற்கு மேலும் என்று ஒரு வரியே இருக்கிறது. வயதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. வேலைக்கு வந்ததற்குச் சான்று வேண்டும்: சீருடையில் அடையாள அட்டை, வருகைப் பதிவின் போட்டோ, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு. கையில் கொடுப்பதை வாங்காமல் கணக்கில் போடச் சொல்வதே பெரிய பாதுகாப்பு.

பன்னிரண்டு மணி நேர இரவு ஷிஃப்ட் அறுபதைத் தாண்டிய உடம்புக்கு ஆகாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். வியர்வை, கை நடுக்கம், தலைச்சுற்றல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். ஷிஃப்ட் மாறினால் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், தானாக மாற்றக் கூடாது. கழிப்பறை தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. வேலைக்குச் சேரும் முன் போய்ப் பார்க்க வேண்டியவை மூன்று: நாற்காலி, கழிப்பறை, வெளிச்சம். கடைகளில் பணிபுரிவோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடையில் நிற்கும் பெரியவர் நாற்காலி கேட்பது சலுகை அல்ல, அது அவருடைய உரிமை.

முடிவெடுக்க ஒரு தாள் போதும்

ஓய்வுக்கு ஓராண்டு முன் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். இடது பக்கம் நிச்சயமாக வரும் மாத வரவு. வலது பக்கம் மாதச் செலவு, அதோடு ஆண்டுக்கு ஒருமுறை வருவதைப் பன்னிரண்டால் வகுத்து: வீட்டு வரி, இன்சூரன்ஸ், தீபாவளி, பேரப்பிள்ளைக்குச் செய்முறை. பலர் இந்த ஆண்டுச் செலவை விட்டுவிடுகிறார்கள். துண்டு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாவது அதனால்தான். கீழே மூன்றாவதாக, கணவர் இல்லாவிட்டால் மனைவிக்கு மாதம் எவ்வளவு வரும் என்ற எண். அதை எழுதும்போது கை தயங்கும். ஆனாலும் எழுத வேண்டும்.

வரும் துண்டுத் தொகைதான் தேட வேண்டிய சம்பளம். 9,300 போதும் என்றிருக்க, 15,000 தரும் இரவு வேலைக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பகலில் ஆறு மணி நேரம் கணக்கெழுதும் வேலை இருந்தால் அதுவே மேல். கடன் இருந்தால் ஓய்வுப் பணத்தில் முதலில் அதை அடைப்பது சரி, ஏனென்றால் நகைக்கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் கட்டும் வட்டி பெரும்பாலும் 8.2ஐவிட அதிகம். மகனின் தொழிலுக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் வேலைக்குப் போவதுதான் இதில் மிகவும் வருத்தமான வகை. கொடுப்பதானால் எழுபது வயது வரைக்கான துண்டை எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சுவதில் கொடுக்கலாம்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் அந்தத் தாளைத் திரும்ப எடுத்து, எண்களைப் புதிதாக எழுத வேண்டும். கல்விக் கடன் முடிந்திருக்கும், அல்லது மாத்திரைச் செலவு கூடியிருக்கும். துண்டு குறைந்த ஆண்டில் முதலில் விட வேண்டியது இரவு ஷிஃப்ட். அடுத்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்து வாரத்தில் மூன்று நாள் போதுமா என்று முதலாளியிடம் கேட்கலாம். வேலை தெரிந்த ஆளை முழுதாக இழப்பதைவிட மூன்று நாளுக்கு வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் பலர்.